சாவியைத் திருகினால் ‘டக்’: செஞ்சி வட்டாரத்துச் சின்ன டிராக்டர்களின் மின் கோளாறுகள்

ஆடி பிறந்து ஒரு நல்ல மழை விழுந்த மறுநாள் செஞ்சியில் ஆட்டோ எலக்ட்ரீஷியனைப் பிடிப்பது சிரமம். வல்லம், ஆலம்பூண்டி, சத்தியமங்கலம், அனந்தபுரம் என்று நாலா பக்கத்திலிருந்தும் போன் வந்தபடி இருக்கும். ‘வண்டி எடுக்கல’ என்பதுதான் எல்லாருடைய புகாரும். சித்திரையும் வைகாசியும் புளியமரத்தடியில் நின்ற டிராக்டர், மானாவாரி மல்லாட்டைக்கு (நிலக்கடலைக்கு) உழவேண்டிய அன்றைக்குத்தான் படுத்துக்கொள்ளும். அவசரத்தில் வந்து பார்ப்பவர் பேட்டரியை மாற்றச் சொல்வார். அதிலும் சரியாகாவிட்டால் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி வைண்டிங்குக்கு அனுப்புவார். சில ஆயிரம் போகும். வண்டி ஓடும். அடுத்த சம்பாவுக்குச் சேறடிக்கும்போது அதே ‘டக்’ திரும்ப வரும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய சின்ன டிராக்டர்களில் அதிகம் மாற்றப்படுபவை பேட்டரியும் செல்ஃபும். கோளாறு பெரும்பாலும் உட்கார்ந்திருப்பது அவை இரண்டுக்கும் நடுவே கரண்ட் போய்வரும் வழியில். அந்த வழியை யாரும் அளந்து பார்ப்பதில்லை.

சின்ன டிராக்டர் என்று இங்கே நான் சொல்வது 15 முதல் 25 குதிரைத்திறன் வரையிலான வண்டிகளை. 1967இல் பெங்களூரில் தொடங்கி, மிட்சுபிஷி கூட்டில் பவர் டில்லர் செய்துவந்த வி.எஸ்.டி. நிறுவனத்தின் மூன்று சிலிண்டர் ‘சக்தி’ 180டி. மஹிந்திராவின் ஒற்றைச் சிலிண்டர் ‘யுவராஜ்’ 215. 2008இல் சென்னையைத் தலைமையிடமாக வைத்து இந்தியாவுக்குள் வந்த குபோட்டாவின் 21, 24 குதிரைத்திறன் வண்டிகள். கரும்புப் பார்களுக்கு நடுவே நுழையவும், மலையடிவாரத்துத் துண்டு நிலங்களில் திரும்பவும் பெரிய மாஸி பெர்குசனைவிட இவைதான் தோது. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி அடிவாரத்தில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியங்களைப் பார்த்தவர்களுக்கு இது தானிய பூமி என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை. 2025 ஜூலையில் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபின் சுற்றுலாப் பேருந்துகள் கூடியிருக்கலாம். ஊரின் வரவு செலவு இன்னமும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் இறங்கும் மூட்டைகளை வைத்துத்தான்.

பெரிய வண்டிகளுக்கும் இவற்றுக்கும் மின்சார விஷயத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. எல்லாம் சிறியது: பேட்டரி சிறியது, டைனமோ சிறியது, வயர் மெலிது. அதனால் கொஞ்சம் நஷ்டம் வந்தாலே வண்டி காட்டிக்கொடுத்துவிடும். கிர்லோஸ்கர் பம்புசெட்டை டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிக் கையால் சுற்றி எடுத்த தலைமுறைக்கு இந்தத் தொல்லை கிடையாது. 1912 மாடல் கேடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங்கின் மின் ஸ்டார்ட்டர் வந்ததிலிருந்துதான், இன்ஜின் ஓடவேண்டுமானால் முதலில் பேட்டரி உயிரோடு இருக்கவேண்டும் என்ற நிலை வந்தது.

கையில் கருவி எதுவும் இல்லாதபோதும் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருகி, ஒருவர் முன்னால் நின்று விளக்கைப் பார்க்கவேண்டும். விளக்கு அடியோடு அணைந்துபோனால் டெர்மினலோ எர்த்தோ விட்டிருக்கிறது, இல்லையென்றால் பேட்டரி காலி. மங்கி, இன்ஜின் முனகிக்கொண்டு சுற்றினால் பேட்டரியில் சார்ஜ் குறைவு அல்லது செல்ஃப் இறுகியிருக்கிறது. விளக்கு கொஞ்சமும் மங்காமல், செல்ஃபும் அசையாமல் இருந்தால் பெரிய கரண்ட் புறப்படவே இல்லை. சாவி, பியூஸ், கிளட்ச் சுவிட்ச், சோலனாய்டு என்று மெல்லிய வயர் போகும் பாதையில் தேடவேண்டும். இதற்குச் செலவு இல்லை, அரை நிமிடம் போதும். ஆனாலும் பட்டறைகளில் நடப்பது வேறு. ஒருமுறை கடையொன்றில் காதில் விழுந்த பேச்சு:

“அண்ணே, பேட்டரி போட்டு ஆறு மாசங்கூட ஆவல. அதுக்குள்ள போயிடிச்சின்றான்.”

“மீட்டர் வச்சிப் பாத்தானா?”

“ஆரன் அடிச்சிப் பாத்தான்.”

ஹாரனுக்குத் தேவை சில ஆம்பியர். செல்ஃபுக்குத் தேவை நூறு, இருநூறு. ஹாரன் நன்றாக அடித்தாலும் பேட்டரி செத்திருக்கலாம்; ஹாரன் கம்மினாலும் பேட்டரி நன்றாக இருந்து, எர்த்து கெட்டிருக்கலாம்.

பேட்டரியை அளப்பதற்கு முறை இருக்கிறது. 1859இல் பிரெஞ்சுக்காரர் காஸ்டன் பிளாண்டே செய்த அதே ஈய அமில வேதியியல்தான் இன்றும் போனட்டுக்கு அடியில் நடக்கிறது. ஆறு செல், 12 வோல்ட். முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும்போது 12.6 அல்லது 12.7 காட்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. சார்ஜர் கழற்றிய கையோடு அளந்தால் மீட்டர் பொய் சொல்லும், இரண்டு மூன்று மணி நேரம் விட்டு அளக்கவேண்டும். அதைவிட முக்கியம், செல்ஃப் அடிக்கும்போது அளப்பது. சுற்றும் நேரத்தில் பேட்டரித் தலையிலேயே 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். 10.5 நின்றும் இன்ஜின் சோம்பலாகச் சுற்றினால் பேட்டரியை விட்டுவிட்டு வேறிடம் பார்க்கவேண்டும். மூடி திறக்கும் பேட்டரியாக இருந்தால் ஹைட்ரோமீட்டர் இன்னும் நேரான சாட்சி: ஐந்து செல்லில் ஒரே அளவும் ஒன்றில் மட்டும் வெகுவாகக் குறைந்தும் இருந்தால் அந்தப் பேட்டரியை எவ்வளவு சார்ஜ் போட்டும் மீட்கமுடியாது.

பேட்டரி குளிரில்தான் கெடும் என்று வெளிநாட்டுக் கையேடுகளைப் படித்துச் சொல்பவர்கள் உண்டு. குளிரில் பலவீனம் தெரியவரும், கெடுவது வெயிலில். மொட்டைப் பாறைக் குன்றுகள் பகல் முழுக்கச் சுட்டு இரவெல்லாம் அனல் விடும் இந்த ஊரில் ஏப்ரல், மே மாதங்களில் நிற்கும் பேட்டரி தானாகவே வேகமாக இறங்கும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் தன்னிறக்கம் சுமார் இரட்டிப்பாகும் என்பது பொதுக்கணக்கு. தண்ணீர் வற்றித் தட்டு வெளியே தெரியும். இறங்கிய நிலையிலேயே வாரக்கணக்கில் நின்றால் தட்டில் சல்பேட் கெட்டிப்படும், பிறகு சார்ஜ் ஏறாது. டிஸ்டில்டு வாட்டருக்குப் பதில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றுபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பாறை ஊற்றுத் தண்ணீரின் உப்பு அந்தத் தட்டுகளுக்கு விஷம்.

நிற்கும் வண்டியில் கரண்ட் கசிவதும் உண்டு. பொங்கலுக்குச் சீரியல் லைட், பிறகு பாட்டுப் பெட்டி, மொபைல் சார்ஜர், கலர் கலராக எல்.இ.டி. என்று சாவியைத் தாண்டி நேராகப் பேட்டரியிலிருந்தே வயர் இழுத்துவிடுகிறார்கள். வெறும் 50 மில்லி ஆம்பியர் கசிந்தாலும் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. ஒரு மாதத்தில் 36. பேட்டரியே 50 ஏ.எச். என்றால் ஆடிக்கு மிச்சம் என்ன இருக்கும்? சாவியை மூடி, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரித் தலைக்கும் நடுவே மீட்டரை ஆம்பியரில் வைத்தால் கசிவு தெரிந்துவிடும். பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க, எதில் எண் விழுகிறதோ அதுதான் திருடன். மீட்டர் அப்படி இருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடிக்கக்கூடாது, மீட்டர் புகைந்துவிடும். நெடுநாள் நிறுத்துபவர்கள் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டால் இந்தப் பாடே இல்லை.

இனி எர்த்து. என் அனுபவத்தில் பாதிப் புகார்களின் வேர் இங்கேதான். செல்ஃப் 200 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழியில் எங்கோ ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தால் அங்கேயே 2 வோல்ட் தின்னப்பட்டுவிடும். ஓமில் நூறில் ஒரு பங்கைச் சாதாரண மீட்டரால் அளக்கவே முடியாது. ‘கன்டினியூட்டி’ வைத்துப் பார்த்தால் பீப் என்று சத்தமிட்டு ‘நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்லிவிடும். ஓட்டத்தில் வைத்துத்தான் பிடிக்கவேண்டும். டீசலை நிறுத்திவைத்து, மீட்டரை வோல்ட்டில் போட்டு, ஒரு முள்ளைப் பேட்டரியின் நெகட்டிவ் தலையிலும் (கிளாம்பில் அல்ல, ஈயத் தலையிலேயே) மற்றதை இன்ஜின் பிளாக்கில் பெயிண்ட் இல்லாத இடத்திலும் அழுத்திப் பிடித்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லவேண்டும். 0.2, 0.3 வரை பரவாயில்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பாதையில் அழுக்கு இருக்கிறது. பாசிட்டிவ் பக்கமும் அப்படியே, பேட்டரித் தலையிலிருந்து செல்ஃபின் பெரிய போல்ட் வரை.

ஒரு பழைய மூன்று சிலிண்டர் வண்டியில் இந்தச் சோதனையில் நெகட்டிவ் பக்கம் 1 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. டெர்மினலைத் தேய்த்து, கேபிள் நுனியில் இருக்கும் லக்கைச் சுரண்டி, போல்ட்டை முறுக்கியபிறகும் எண் அதிகம் இறங்கவில்லை. கேபிளின் ரப்பர் மேலே பளபளவென்று இருந்தது. லக்கிலிருந்து மூன்று விரல்கடை தள்ளி பிளேடால் கீறியபோது உள்ளே செம்பு நூல் இல்லை. பச்சையும் கறுப்புமாகப் பொடி. விரலால் தட்டினால் உதிர்ந்தது. ஏழெட்டு இழை மட்டும் மிஞ்சி அத்தனை கரண்டையும் சுமந்திருந்தது. யூரியா மூட்டையும் கலப்பு உரமும் ஏற்றி இறக்கும் வண்டியில் உரத்தூளும் ஈரமும் லக்கின் வாய் வழியாக ஏறி உள்ளேயே தின்றுகொண்டு போகும், வெளியில் தெரியாது. அந்த வண்டிக்கு அதற்கு முன் ஒரு புதுப் பேட்டரியும் ஒரு வைண்டிங்கும் ஆகியிருந்தன.

வைண்டிங் போட்டதும் சில மாதம் ஓடியதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. செல்ஃபைக் கழற்றும்போது கேபிள்களும் கழலும். மாட்டும்போது லக்கைத் தேய்த்து, போல்ட்டை இறுக்கி, செல்ஃப் உட்காரும் முகத்தைத் துடைத்து மாட்டுவார்கள். வேலை செய்தது அந்தத் துடைப்பு. பெயர் வைண்டிங்குக்குப் போகிறது. செல்ஃபே கெடாது என்று இதற்குப் பொருளில்லை. கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் செல்ஃபை ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டியதும் எடுக்கும், புஷ் தேய்ந்திருந்தால் ஆர்மேச்சர் உரசி இறுகும், இன்ஜினோடு கோக்கும் பென்டிக்ஸ் கியர் வழுக்கினால் மோட்டார் மட்டும் ‘ர்ர்ர்’ என்று சுற்றி இன்ஜின் அசையாது. இவற்றைச் சத்தத்திலேயே பிரிக்கலாம். எர்த்தை அளந்துவிட்டு இங்கே வரவேண்டும், வரிசை மாறினால் காசு போகும்.

கேஜ் வீலையோ டிரெய்லர் கொக்கியையோ வண்டியிலேயே வைத்து வெல்டிங் அடிப்பது இன்னொரு வழக்கம். அப்போது பேட்டரிக் கேபிளைக் கழற்றாவிட்டால் ஆல்டர்னேட்டரின் டயோடும் ரெகுலேட்டரும் போக வாய்ப்புண்டு. எலியைப் பற்றி அதிகம் சொல்லவேண்டாம். மல்லாட்டை மூட்டை இருக்கும் கொட்டகையில் வண்டியை நிறுத்தினால் வயரிங் தப்பாது.

சாவியைத் திருகினால் ஒரே ஒரு ‘டக்’, அல்லது ‘டடடட’ என்று நடுக்கம். இரண்டும் செல்ஃபுக்குப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சோலனாய்டின் பேச்சு. அதற்குள் இரண்டு சுற்று இருக்கிறது, ஒன்று இழுக்க, ஒன்று பிடித்துவைக்க. இழுத்ததும் பெரிய கரண்ட் ஓடி வோல்ட்டேஜ் சரிந்தால் பிடி விட்டுப்போகும், விட்டதும் வோல்ட்டேஜ் ஏற மறுபடி இழுக்கும். அதுதான் ‘டடடட’, பேட்டரி பலவீனம் அல்லது மோசமான இணைப்பு. ஒரே ‘டக்’ என்றால் இழுத்துவிட்டது, ஆனால் உள்ளே இருக்கும் செப்புத் தட்டும் போல்ட் முகமும் பொறிபட்டுக் கருகி, கரண்டைக் கடத்தவில்லை. பல சோலனாய்டுகளில் பின்மூடியைத் திறந்து தட்டைத் திருப்பிப் போட்டாலே இன்னும் சில வருடம் ஓடும்.

‘டக்’கும் இல்லை, ஆனால் பத்து முறை திருகினால் ஒருமுறை எடுக்கிறது என்பது ஜப்பானிய வகைச் சின்ன வண்டிகளுக்கே உரிய நோய். சோலனாய்டு தொடக்கத்தில் 20, 30 ஆம்பியர்கூடக் கேட்கும். அந்தக் கரண்ட் முழுவதும் பழைய சாவி சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், நாலைந்து இணைப்புகள் வழியாக மெல்லிய வயரில் வரவேண்டும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, சோலனாய்டுக்கு 7, 8 வோல்ட்தான் எட்டும். இதற்கு நல்ல மருந்து ஒரு சாதாரண ரிலே. சாவியின் வயர் ரிலேயை மட்டும் இயக்கட்டும். ரிலே பேட்டரியிலிருந்து தடித்த வயரில், நடுவே பியூஸ் போட்டு, சோலனாய்டுக்கு நேராகக் கொடுக்கட்டும். கிளட்ச் சுவிட்ச் பழைய வழியிலேயே இருக்கும், பாதுகாப்பு குறையாது.

பட்டறைகள் செய்வதோ வேறு. கிளட்ச் சுவிட்சை ‘டைரக்ட்’ ஆக்கிவிட்டு டேஷ்போர்டில் ஒரு ஹாரன் பட்டனைப் பதித்துவிடுகிறார்கள். அதுவும் ஓய்ந்தால் கீழே நின்று ஸ்குரூ டிரைவரால் செல்ஃபின் இரண்டு போல்ட்டையும் குறுக்கே தொட்டு எடுக்கிறார்கள். இந்த விஷயத்தில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. கியரில் இருக்கும் வண்டி அப்படி உயிர்பெற்றால் பின்சக்கரத்துக்கு முன்னால் நிற்பவர் மேல்தான் ஏறும், நகர நேரம் கொடுக்காது. உலகம் முழுக்க டிராக்டர் விபத்துகளில் இது ஒரு தனி வகையாகவே எச்சரிக்கப்படுகிறது. இதைச் செய்து தருகிற கடைக்கு மறுபடி போகாமல் இருப்பது நல்லது.

இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை என்றால் கதை டீசல் பக்கம் திரும்புகிறது. ஆனால் அங்கேயும் மின்சாரம் இருக்கிறது. மாஸி போன்ற பெரும்பாலான வண்டிகளில் டீசல் நேராகப் பிஸ்டன் தலையில் பாய்கிறது. கோடையோ மார்கழியோ, சூட்டுக்குத் தனி ஏற்பாடு அவசியப்படுவதில்லை. சின்ன ஜப்பானிய இன்ஜின்களில் டீசல் தலைக்குள் இருக்கும் குட்டி அறையில் பாய்ந்து, அங்கே பற்றிக் கீழே வருகிறது. அந்த அறையின் சுவர் குளிர்ந்திருந்தால் அமுக்கத்தில் எழும் சூட்டைக் குடித்துவிடும். அதற்காகத்தான் ஹீட்டர் பிளக். வேடிக்கை என்னவென்றால், செஞ்சி வெயிலில் பிளக் செத்தாலும் வண்டி எடுக்கும். மே மாதம் மூன்றில் இரண்டு பிளக் போயிருக்கும், யாருக்கும் தெரியாது. மார்கழி விடியலில் இறவை மல்லாட்டைக்கு உழப் போகும்போது வெள்ளைப் புகையை மட்டும் கக்கும்; பேட்டரி தீரும்வரை அடித்துவிட்டு, பேட்டரி போச்சு என்பார்கள். பிளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றி, டெஸ்ட் லேம்ப்பின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் வைத்தால் போதும், எரியாத இடத்தில் பிளக் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஏர் பில்டர் வாயில் பெட்ரோல் துணியைக் காட்டுவதும், காகிதத்தைக் கொளுத்திப் பிடிப்பதும் ஹீட்டர் சூடாக இருக்கும் இன்ஜினில் வெடிப்புக்கு அழைப்பு.

அடுத்தது ஸ்டாப் சோலனாய்டு. சில வண்டிகளில் சாவியைத் திறந்ததும் இழுத்துக்கொண்டு டீசலைத் திறந்துவிடும். வயர் விட்டால் நாள் முழுக்கச் சுற்றினாலும் சொட்டு டீசல் போகாது. இழுத்து நிறுத்தும் நாப் உள்ள வண்டியில் அதை உள்ளே தள்ள மறந்துவிட்டு மெக்கானிக்கை அழைத்தவர்கள் உண்டு. அதற்குப்பின்தான் ஏர் எடுப்பது, பில்டரில் தண்ணீர் பார்ப்பது எல்லாம்.

சார்ஜிங் பக்கம் எளிது. இன்ஜினை வேகம் கூட்டிப் பேட்டரித் தலையில் அளந்தால் 13.8 முதல் 14.4 வரை வரவேண்டும். 12.5லேயே நின்றால் பெல்ட், வயர், பிரஷ், ரெகுலேட்டர் என்று வரிசையாகப் பார்க்கலாம். சென்னைப் பாடியில் 1961இல் வந்த லூகாஸ் டி.வி.எஸ். புண்ணியத்தில் பெரிய வண்டிகளின் ஆல்டர்னேட்டருக்கு உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். சின்ன வண்டிகளில் சிலவற்றில் இருப்பது 14 ஆம்பியர் போலக் குட்டி டைனமோ. 35 வாட் ஹெட்லைட் இரண்டும் பின்னால் 55 வாட் விளக்கு ஒன்றும் போட்டு இரவில் சேறடித்தால் பத்து ஆம்பியர் விளக்குக்கே போய்விடும். அதன்மேல் இன்னொரு போகஸ் லைட் மாட்டிவிட்டு டைனமோவைக் குறைசொல்வது முறையில்லை. ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் டேஷ்போர்டின் சார்ஜ் பல்பு பியூஸானால், சில வகைகளில் சார்ஜிங்கே தொடங்காது. சில ரூபாய் பல்பு அது.

மலையடிவாரத்து ஊர்களில் வண்டியைச் சரிவில் நிறுத்தி, காலையில் உருட்டி எடுப்பது ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. அவசரத்துக்குச் சரி. மாதக்கணக்கில் அப்படி ஓட்டினால் கோளாறு உள்ளே முற்றிக்கொண்டே போகும். ஜம்பர் கேபிள் போடுவதானால் பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ், கடைசி முனை பேட்டரியில் இல்லாமல் இன்ஜின் பிளாக்கில். மூட்டை ஏற்ற வந்த 24 வோல்ட் லாரியிலிருந்து எடுக்கவே கூடாது.

மெக்கானிக்குகளை மட்டும் குறைசொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அரை மணி நேரம் மீட்டர் வைத்து அளந்து, லக்கைத் தேய்த்துவிட்டு ஐந்நூறு கேட்டால் ‘வெறும் துடைச்சதுக்கு ஐநூறா?’ என்று சண்டைக்கு வருகிறோம். ஆயிரக்கணக்கில் பேட்டரி மாற்றினால் பேசாமல் கொடுக்கிறோம். பொருளுக்குக் காசு, அறிவுக்கு இல்லை என்று நாமே வைத்த விலைப்பட்டியல் அது. கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. வயரிங் வரைபடத்தில் உள்ள நிறங்கள் பத்து வருடத்தில் எல்லாம் ஒரே சிவப்பாகிவிடுகின்றன. மத்தியப் பிரதேசத்தின் புத்னியிலும் ஆந்திரத்தின் கார்லதின்னேயிலும் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. இங்கே வேளாண் பொறியியல் துறை மாவட்டந்தோறும் பராமரிப்பு முகாம் நடத்துகிறது. புது வண்டிக்குத் தரும் மானியத்தில் சிறு துளியை, ஊருக்கு ஒருவருக்கு மீட்டர் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதில் போட்டால் பலன் கூடுதல் என்று நான் நினைக்கிறேன். மீட்டரின் விலை சில நூறு ரூபாய்.

கைமாறிய சின்ன டிராக்டர் வாங்கப் போகிறவர்கள் வேறெதையும் பார்க்குமுன் போனட்டைத் தூக்கி இன்ஜின்மேல் கை வைத்துப் பார்க்கட்டும். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே எடுத்து ஓட்டி வைத்திருக்கிறார்கள். ஹீட்டர் பிளக்கும் பேட்டரியும் அந்தச் சூட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். விலை பேசாமல் டீ குடித்துவிட்டுத் திரும்பி, மறுநாள் விடியலில் சொல்லாமல் போய் நிற்கலாம். அப்போது சாவியை விற்பவர் திருகக்கூடாது, நீங்கள் திருகவேண்டும், ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு.